ஊராட்சிப் பணிகளில் சாம்பல் சிமெண்டு

(ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்குமான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய உரை)



தொழிற்சாலைக் கழிவுகளைக் கான்கிரீட்டில் பயன்படுத்துவது பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பை அறிவித்தவுடன் முன்வரிசையில் ஓரிருவர் முகம் சுளித்ததைக் கண்டோம். அதில் வியப்பொன்றும் இல்லை. ஊர் மக்களின் வரிப்பணத்தில் கட்டும் பாலத்திலும் குடிநீர்த் தொட்டியிலும் கழிவைக் கொட்டுவதா என்று எண்ணுவது பொறுப்புள்ள தலைவரின் இயல்பே. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் இங்கே உங்களைப் புதிதாக ஒன்றைச் செய்யும்படி வேண்டிக்கொள்ள வரவில்லை. நீங்கள் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருப்பதைத் தெரிந்து செய்யுங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறோம்.

ஊருக்குத் திரும்பியதும் ஊராட்சிக் கிடங்கில் கிடக்கும் வெற்றுச் சிமெண்டு மூட்டை ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன்மேல் ‘பி.பி.சி.’ என்னும் மூன்று எழுத்துகள் இருக்கக்கூடும். போர்ட்லண்டு பொசலோனா சிமெண்டு என்பது அதன் விரிவு. அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் நுண்ணிய சாம்பலைச் சேர்த்து அரைத்த சிமெண்டு என்பது அதன் பொருள். அச்சாம்பல் நூற்றுக்கு 15 பங்கு முதல் 35 பங்கு வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் இசைவளிக்கிறது. இன்று நம் நாட்டுக் கடைகளில் விற்கும் சிமெண்டில் பெரும்பகுதி இவ்வகையே. ஆகவே, சாம்பலைச் சேர்க்கலாமா கூடாதா என்ற வினா உங்கள் ஊரைப் பொறுத்தவரை என்றோ தீர்ந்துபோயிற்று. தீராமல் நிற்பது வேறொன்று. சாம்பல் கலந்த சிமெண்டை வாங்கி, சாம்பல் கலவாத பழைய சிமெண்டைப் போலவே அதை நடத்திவருகிறோம். இதனால் விளையும் கேடு சிறிதன்று.

அக்கேடு எப்படி வரும் என்பதற்கு நாம் கண்ணாரக் கண்ட ஒரு தெருவைச் சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம். கிழக்கு மேற்காக ஓடும் தெரு அது. முதலாண்டில் கிழக்குப் பாதிக்குக் கான்கிரீட் சாலை போட்டார்கள். வேலை மார்கழியில் நடந்தது. தெருவாசிகள் தாங்களே களிமண்ணால் வரப்பு வைத்துச் சிறுசிறு பாத்திகளாகக் கட்டி, பொங்கல் கழியும்வரை தண்ணீர் தேக்கி வைத்தார்கள். கோலம் போட இடமில்லையே என்று பெண்கள் குறைப்பட்டுக்கொண்டார்களே தவிர, வரப்பை ஒருவரும் வெட்டிவிடவில்லை. மறு ஆண்டில் மேற்குப் பாதி. அதற்கு நிதி ஒதுக்கீடு காலந்தாழ்ந்து வந்தது. மார்ச்சு முடிவதற்குள் செலவுக் கணக்குக் காட்டியாக வேண்டும். ஆகவே பங்குனி வெயிலில் விரைந்து போட்டார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் மூன்று நாள் மாலைவேளையில் குழாயால் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனான். நான்காம் நாள் வேறு ஊரில் வேலை வந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அத்தெருவைப் பார்த்தோம். கிழக்குப் பாதியில் மாட்டுவண்டிச் சக்கரத்தின் தடங்கூட இல்லை. மேற்குப் பாதியில் கையால் தேய்த்தால் மாவு போல் தூள் எழுந்தது. ஜல்லிக் கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. கிராம சபையில் கேள்வி எழுந்தது. தலைவர் சாம்பல் சிமெண்டை வாங்கிப் போட்டு ஊர்ப்பணத்தை விழுங்கிவிட்டார் என்று ஒருவர் எழுந்து சொன்னார். தலைவரோ சிமெண்டு விற்ற கடைக்காரரைக் குற்றஞ்சாட்டினார். நம்மை அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பொருட்பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். இரண்டு பாதிகளுக்கும் வாங்கியது ஒரே சிமெண்டு! ஒரே கலவை விகிதம். ஜல்லியும் ஒரே குவாரியிலிருந்து வந்தது. வேறுபட்டது தண்ணீர் ஒன்றே. அந்தத் தலைவரின் மேல் விழுந்த பழியைத் துடைப்பதற்கு அன்று நமக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஏன் அப்படி நேர்ந்தது என்பதை அறிய, சிமெண்டு இறுகும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, ஏறத்தாழ 1,450 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள உலையில் சுட்டு எடுப்பதே போர்ட்லண்டு சிமெண்டின் மூலப்பொருள். அதைக் கிளிங்கர் என்பர். அதனுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சாதாரணச் சிமெண்டு. இதில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் பற்றிப் பிணைக்கும் பசை. கான்கிரீட்டின் வலு முழுவதும் இதில்தான் இருக்கிறது. மற்றொன்று நீற்றுச் சுண்ணாம்பு; இது வலுவுக்கு உதவாது. நீரில் மெல்லக் கரைந்து வெளியேறவும் செய்யும். பழைய தண்ணீர்த் தொட்டிகளின் வெளிப்புறத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இச்சுண்ணாம்பு கசிந்து வந்ததே. அது கரைந்து போன வழியே தண்ணீர் உள்ளே புகும், கம்பி துருப்பிடிக்கும், தொட்டியின் அடிப்பூச்சு உதிர்ந்து விழும்.

நிலக்கரிச் சாம்பலில் மணலில் உள்ளதைப் போன்ற சிலிக்கா மிகுதி. ஆனால் மணலில் உள்ள சிலிக்கா உறங்கும் சிலிக்கா. சாம்பலில் உள்ளதோ உலையின் கடுஞ்சூட்டில் உருகிச் சட்டென்று குளிர்ந்து கண்ணாடித் தன்மை பெற்றது. அது அந்த வேண்டாத சுண்ணாம்பைத் தேடிப் பிடித்து அதனோடு சேர்ந்து, மீண்டும் அதே பசையாக மாறுகிறது. வீணாகிக் கசிய வேண்டிய சுண்ணாம்பு வலுவாகிவிடுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன. தண்ணீர் புகுவது குறைகிறது. ஆனால் இச்செயல் மெல்ல நடப்பது. முதலில் சிமெண்டு இறுகிச் சுண்ணாம்பை வெளியிட வேண்டும். அதன் பிறகே சாம்பலுக்கு வேலை. அவ்வேலை நடக்கும் நாளெல்லாம் கான்கிரீட்டினுள் ஈரம் இருந்தாக வேண்டும். ஈரம் காய்ந்த நாளில் வேலை நின்றுபோகும். சாம்பல் வெறும் தூளாகவே உள்ளே கிடக்கும்.

உழவர்களாகிய உங்களுக்கு இதை உணர்த்த நெடுந்தூரம் போகத் தேவையில்லை. சாதாரணச் சிமெண்டு குறுவை. சாம்பல் சிமெண்டு சம்பா. குறுவை அறுக்கும் நாளில் சம்பாவுக்கும் தண்ணீரை அடைத்துவிட்டு, சம்பா பதராகிவிட்டது, விதைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்வாருண்டோ? அந்தத் தெருவின் மேற்குப் பாதியில் நடந்தது அதுவே.

எத்தனை நாள் நனைப்பது? 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி, அதாவது ஐ.எஸ். 456, இதைத் தெளிவாகச் சொல்கிறது. சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். அதை 14 நாளாக நீட்டிப்பது நன்று. வெயிலும் வறட்சியும் உள்ள இடமாயின் எந்தச் சிமெண்டானாலும் 10 நாளுக்குக் குறையலாகாது. நம் மாநிலத்தின் பெரும்பகுதி அவ்வகையில் அடங்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஊராட்சிப் பணிகளுக்குப் 14 நாள் என்று ஒரே கணக்காக வைத்துக்கொள்வதே நல்லது என்பது நமது கருத்து. அதிலும் ‘நனைத்தல்’ என்றால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தெளித்தல் அன்று. இடையில் காய்ந்து, மீண்டும் நனைந்து, மறுபடி காய்வது கேடு செய்யும். மேற்பரப்பில் மயிரிழைபோல் வெடிப்புக் காணும்.

“குடிக்கவே தண்ணீர் லாரியில் வருகிறது, சாலைக்குப் பதினான்கு நாள் எங்கே போவோம்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள சாலையில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாத்தி கட்டித் தேக்கினால் முதல் நாளில் மட்டும் 15,000 லிட்டர் பிடிக்கும். கோடையில் இது எளிதன்று. ஆனால் தேக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வைக்கோலைப் பரப்பி நனைத்து வைக்கலாம். பழைய சாக்குகளைத் தைத்து விரிக்கலாம். தென்னை மிகுந்த ஊர்களில் நார்க்கழிவைப் பரப்பலாம். அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திவிட்டால் செலவாகும் தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிடும். மாடு வைக்கோலை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஒரு தொல்லை! வாய்க்கால் நீர், கிணற்று நீர் எதுவாயினும் உப்புக் கரிக்காததாக இருத்தல் வேண்டும். இவற்றைவிடச் சிறந்த வழி, கான்கிரீட் வேலைகளை ஐப்பசி மழை ஓய்ந்தபின் தொடங்கித் தை மாதத்துக்குள் முடித்துக்கொள்வது. அதற்கு மதிப்பீடும் தீர்மானமும் ஆடி, ஆவணியிலேயே ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். நிதி வருவது உங்கள் கையில் இல்லை. காகிதம் போவது உங்கள் கையில் இருக்கிறது.

நனைப்பதற்கான கூலியை ஒப்பந்தக்காரர் தனியே கேட்டால் மதிப்பீட்டை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். கான்கிரீட் இடும் வீதத்துக்குள்ளேயே தண்ணீர் காட்டும் செலவும் அடங்கும் என்று அதில் எழுதியிருப்பதே வழக்கம். அதைப் பெற்றுக்கொண்டு நான்காம் நாள் போய்விடுகிறவர் உங்கள் ஊருக்குப் பத்து நாள் கடன்பட்டவர்.

இனி, சாம்பலைச் சேர்ப்பது கலப்படம் என்ற எண்ணத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அவ்வெண்ணம் நமக்கே இருந்தது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சிற்றூரில் தரைமட்டத் தொட்டி கட்டச் சென்றோம். வந்திறங்கிய மூட்டைகளில் பி.பி.சி. என்றிருந்ததைக் கண்டு, ‘இது வேண்டாம், நயமான சிமெண்டு கொண்டுவா’ என்று வண்டியைத் திருப்பி அனுப்பினோம். அங்கே முதிய கொத்தனார் ஒருவர் இருந்தார். படிப்பு இல்லாதவர். அவர் நம்மைப் பார்த்து, “ஐயா, சுர்க்கி சேர்க்காமல் எங்கள் பாட்டனார் ஒரு தொட்டியும் கட்டினதில்லை. சுர்க்கி சுட்ட மண். இது சுட்ட சாம்பல். இதில் என்ன குற்றம் கண்டீர்கள்?” என்று கேட்டார். நாம் விடை சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. வேலை இரண்டு வாரம் நின்றது. அந்த இரண்டு வாரத்தில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் அவர் சொன்னதே சரி என்று விளங்கிற்று.

சுர்க்கி என்பது செங்கலை இடித்த தூள். சுண்ணாம்போடு சேரும்போது அது செய்வதும், சிமெண்டின் சுண்ணாம்போடு சேரும்போது நிலக்கரிச் சாம்பல் செய்வதும் ஒரே வேலை. தேனி, மதுரைப் பக்கத்து வயல்களுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதில் இட்டது சுண்ணாம்பும் சுர்க்கியுமே. போர்ட்லண்டு சிமெண்டு அன்று. இன்னும் பின்னே போனால், இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தின் அருகே பொட்சுவோலி என்றோர் ஊர் உண்டு. அங்கே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து ரோமானியர் துறைமுகங்களும் மாளிகைகளும் எழுப்பினர். ரோம் நகரத்தில் கம்பியே இல்லாமல் அவர்கள் வார்த்த 43 மீட்டர் குறுக்களவுள்ள கவிமாடம் ஒன்று, ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் கழித்தும் நிற்கிறது. அவ்வூரின் பெயர்தான் திரிந்து ‘பொசலோனா’ ஆயிற்று. உங்கள் சிமெண்டு மூட்டையின் நடு எழுத்தாகவும் ஆயிற்று.

நிலக்கரிச் சாம்பலைப் பெரிய அளவில் முதன்முதலாகக் கையாண்ட அணை அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் 1953இல் நிறைவேறிய ஹங்ரி ஹார்ஸ் அணை. ஒரு இலட்சம் டன்னுக்கு மேல் அதில் சாம்பல் சேர்ந்தது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் ரிகந்து அணை 1962இல் முடிந்தது. அதிலும் சிமெண்டின் ஒரு பகுதிக்கு ஈடாகச் சாம்பலையே இட்டார்கள். பேரணைகளில் இதை விரும்பியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சிமெண்டு இறுகும்போது சூடு எழும். பருமனான கான்கிரீட்டில் அச்சூடு வெளியேற வழியின்றி வெடிப்பு உண்டாக்கும். சாம்பல் மெல்ல வேலை செய்வதால் சூடு தணிந்து எழும்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல் மின் நிலையங்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் நிலக்கரி வருகிறது. மின்சாரம் எல்லார்க்கும் போகிறது. சாம்பல் மட்டும் அக்கம்பக்கத்து ஊர்களோடு நின்றுவிடுகிறது. நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி; அதன் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால் அதற்குத் தனி வகை. எரிசாம்பலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு புகையோடு மேலெழும் நுண்தூள். அதைப் புகைபோக்கிக்கு முன்பே மின்விசையால் ஈர்த்துப் பிடிக்கிறார்கள். இதுவே உலர்சாம்பல். எஞ்சியது அடியில் கட்டியாக விழும் அடிச்சாம்பல். பயன்படாததைத் தண்ணீரோடு கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புவார்கள்.

அக்குளங்களின் அருகே குடியிருப்போர் படும் துன்பத்தை இங்கே வந்திருக்கும் சிலர் நம்மைவிட நன்கறிவர். கோடைக் காற்றில் சாம்பல் எழுந்து பயிரின்மேலும் குடிநீர்க் குடத்திலும் படிகிறது. எண்ணூரில் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்ததும், மீன்பிடித் தொழிலாளர்கள் முறையிட்டுப் போராடியதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. சாம்பலில் ஆர்சனிக், பாதரசம் போன்றவை சிறு அளவில் உண்டு. திறந்த வெளியில் கிடந்தால் அவை நிலத்தடி நீரில் இறங்கக்கூடும். கான்கிரீட்டினுள் இறுகிவிட்டால் பெரும்பாலும் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு முதன்முதலாக இதற்கென ஓர் ஆணை பிறப்பித்தது. அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்போர் சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்றது அது. அதன் பின் பலமுறை திருத்தி, 2021 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையில், விளையும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தும் பொறுப்பு மின் நிலையங்களையே சாரும் என்று வகுத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பாலத்தில் சேரும் ஒவ்வொரு மூட்டைச் சாம்பலும் வேறோர் ஊரின் குளத்துக்குப் போகாத சாம்பலாகும்.

சுண்ணாம்புக் கல்லின் பக்கத்தையும் பார்ப்போம். மேலே சொன்ன 100 மீட்டர் சாலையைப் 15 சென்டிமீட்டர் கனத்தில் போட்டால் 45 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்டு என்று கொண்டால் 14,400 கிலோ. அதாவது 288 மூட்டை. அதில் நான்கில் ஒரு பங்கு சாம்பலாயின், 72 மூட்டை எடையுள்ள கிளிங்கர் சுடப்படாமல் மிஞ்சுகிறது. அதற்கு ஏறத்தாழ ஐந்தரை டன் சுண்ணாம்புக் கல் தோண்ட வேண்டியதில்லை. ஏறத்தாழ மூன்று டன் கரியமில வாயு காற்றில் கலப்பதில்லை. ஒரு தெருவுக்கே இக்கணக்கு. அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல்லுக்காக ஆழத் தோண்டிய நிலங்களைக் கண்டவர்கள், ஐந்தரை டன் என்பது வெறும் எண்ணன்று என்பதை உணர்வார்கள். ஆனால் மூட்டை விலையில் உங்களுக்குப் பெரிய ஆதாயம் கிடைக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். சில ரூபாய் குறையலாம், அவ்வளவே. ஆதாயம் கட்டடத்தின் ஆயுளில் இருக்கிறது. அதுவும் தண்ணீர் காட்டியவருக்கே.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறோம். சாம்பல் நல்லது என்று கேட்டுவிட்டு, லாரி லாரியாகச் சாம்பலைக் கொண்டுவந்து சட்டிக் கணக்கில் கலவையில் கொட்டுபவர்கள் சிலரைக் கண்டிருக்கிறோம். இதைச் சற்றும் பொறுக்கலாகாது. மூட்டையிலேயே சாம்பல் சேர்ந்திருக்கிறது. அதன்மேல் மீண்டும் சாம்பல் சேர்த்தால் பிணைக்கும் சிமெண்டு பாதியாகிவிடும். தேடிப் பிடிக்கச் சுண்ணாம்பு இல்லாமல் சாம்பல் வீணே கிடக்கும். மேலும் குளத்திலிருந்து அள்ளிய ஈரச் சாம்பலும் அடிச்சாம்பலும் சிமெண்டுக்கு ஈடாகமாட்டா. அவை பள்ளம் நிரப்பவும், சாலைக் கரை உயர்த்தவும், வேறு வகையில் செங்கல் அறுக்கவும் உதவலாம். சிமெண்டோடு சேர்வதற்குரியது தரவிதிப்படி சோதித்த உலர்சாம்பல் மட்டுமே. அதையும் ஒரே சீராகக் கலக்கும் இயந்திரம் உள்ள ஆலையிலோ கலவை நிலையத்திலோ சேர்க்க வேண்டும். மண்வெட்டியால் புரட்டிக் கலக்கும் நம் ஊர் வேலைக்கு மூட்டையிலேயே கலந்து வருவதுதான் ஏற்றது. வேலை நடக்கும் இடத்தில் தனியாகச் சாம்பல் குவியல் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு ஓவர்சியருக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் குறைவதால் வரும் கேட்டைச் சொன்னோம். மிகுவதால் வரும் கேடும் உண்டு. நனைக்கும்போது கொடுக்க மறுக்கும் தண்ணீரையெல்லாம் நம் ஆட்கள் கலக்கும்போது ஊற்றிவிடுகிறார்கள்! 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் அளவே போதுமானது. மணல் ஈரமாயிருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். சாம்பல் துகள்கள் உருண்டையாக இருப்பதால் கலவை தானே வழுக்கிச் செல்லும். கூடுதல் தண்ணீர் தேவைப்படாது. சிறு பாலங்களுக்கும் தொட்டிகளுக்கும் அடிப்பலகை கழற்றுவதில் அவசரம் கூடாது. முதல் வாரத்தில் சாம்பல் சிமெண்டு முழு வலுப் பெற்றிராது. சாதாரணச் சிமெண்டுக்குச் சொல்லும் நாட்கணக்கை அப்படியே கொள்ளாமல், பொறியாளரின் இசைவு பெற்றே முட்டுகளை எடுக்க வேண்டும். மூட்டையில் உற்பத்தி செய்த வாரமும் ஆண்டும் இருக்கும். மூன்று மாதம் கடந்ததையும் உள்ளே கட்டி தட்டியதையும் ஏற்க வேண்டாம்.

மற்றக் கழிவுகளைப் பற்றி நீண்டு பேச நேரமில்லை. இரும்பு உலையில் மிதக்கும் கசட்டைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து அரைத்தால் அதுவும் சிமெண்டின் துணையாகும். கசடுச் சிமெண்டில் அது நூற்றுக்கு 25 முதல் 70 வரை இருக்கலாம். கடல் உப்பைத் தாங்குவதில் அது மேலானது. ஆகவே நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோர ஊராட்சிகள் அதைக் கேட்டு வாங்கலாம். செம்பு உருக்கிய கசடு மணலுக்கு ஈடாக ஓரளவு சேரலாம் என்று 2016இல் திருத்திய தரவிதி இசைகிறது. கோவைப் பக்கத்து வார்ப்படச் சாலைகளின் பயன்படுத்திய மணலையும் ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். இவ்விரண்டையும் பொறியாளரின் எழுத்து மூலமான இசைவின்றி ஊராட்சி வேலையில் தொட வேண்டாம் என்பதே நமது அறிவுரை.

அரிசி ஆலைச் சாம்பலைக் கேட்பீர்கள் என்று தெரியும். எந்தக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ உமி. உமியை எரித்தால் நான்கு கிலோ சாம்பல். அதில் பெரும்பங்கு சிலிக்காதான். அளவான சூட்டில் எரித்து நன்றாக அரைத்த உமிச்சாம்பல் நிலக்கரிச் சாம்பலையும் விஞ்சும். ஆனால் ஆலைக் கொதிகலனில் சூடு ஒரு நிலையில் நிற்பதில்லை. சூடு மிஞ்சினால் சிலிக்கா மணலைப்போல் உறங்கிப்போகும். குறைந்தால் கரி மிஞ்சிக் கறுத்திருக்கும். கரி தண்ணீரைக் குடித்துவிடும். சீராக எரிக்கும் உலைகள் ஊர்தோறும் வரும் நாளில் இதை மறுபடியும் பேசலாம். இப்போதைக்கு அது தோட்டத்துக்கே போகட்டும்.

கடைசியாக ஒன்று. கான்கிரீட் போடும் நாளில் 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டிகள் சிலவற்றை வார்த்துத் தண்ணீரில் மூழ்கவைத்து, 28ஆம் நாள் அருகிலுள்ள பொறியியற் கல்லூரியிலோ பல்தொழில்நுட்பப் பயிலகத்திலோ நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அது கலவையின் வலுவைச் சொல்லும். சாலையை நனைத்தார்களா என்பதைச் சொல்லாது. ஏனெனில் கட்டி தொட்டியில் கிடந்தது, சாலை வெயிலில் கிடந்தது. ஆகவே அதே கலவையில் இன்னொரு கட்டியை வார்த்துச் சாலை ஓரத்திலேயே வைத்து, சாலைக்குத் தண்ணீர் விடும்போது மட்டும் அதற்கும் விடச் சொல்லுங்கள். இரண்டையும் கிராம சபையில் வையுங்கள்.

அத்தகைய இரண்டு கட்டிகளை இக்கூடத்தின் வாயிலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே நாளில், ஒரே சட்டிக் கலவையில் வார்த்தவை. ஒன்று 14 நாள் நனைந்த சாக்கினுள் இருந்தது. மற்றொன்று இரண்டாம் நாளே வெளியே வந்தது. எது எது என்று எழுதி ஒட்டவில்லை. பக்கத்தில் ஓர் ஆணி கிடக்கிறது. உணவு இடைவேளையில் ஒவ்வொருவராக வந்து கீறிப் பாருங்கள்.